சுகமாயிருக்கும் குழந்தைக்கு வைத்தியர் எதற்கு?

ஜுரம் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நள்ளிரவிலும் வைத்தியரைத் தேடி ஓடாத தகப்பன் தமிழ்நாட்டில் இல்லை. பேதி கண்ட பிள்ளைக்காகக் காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைக்கத் தயங்கும் தாயும் இல்லை. குழந்தைகளிடத்தில் நமது ஜனங்களுக்குள்ள வாஞ்சையைப் பற்றி எவரும் சந்தேகப்பட இடமில்லை. ஆனால், சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையை, யாதொரு வியாதியும் வெளிக்குத் தெரியாத குழந்தையை, குறித்த காலத்தில் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று சொன்னால், "நன்றாயிருக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவானேன்? இல்லாத நோயை விலை கொடுத்து வாங்கி வரவா?" என்று கேட்பவர்களே அதிகம். கேள்வி நியாயமானதுதான். நியாயமான கேள்விக்குப் பரிகாசம் பதிலாகாது. காரணம் காட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

ஓசையின்றி வரும் கேடுகள்

குழந்தைகளுக்கு வரும் கேடுகளில் கூச்சலிட்டுக்கொண்டு வருபவை சில. ஓசையின்றி வருபவை பல. ஜுரமும் வலிப்பும் வீட்டாரைத் தாமே எழுப்பிவிடுகின்றன. அவற்றுக்குக் காவற்காரன் வேண்டுவதில்லை. காவல் வேண்டியதெல்லாம் மற்றவைகளுக்கே.

பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத குழந்தையை எடுத்துக்கொள்வோம். அது அழும், சிரிக்கும், முதற் சில மாதங்களில் ஏனைய குழந்தைகளைப்போலவே மழலையொலியும் எழுப்பும். "தகப்பனைப்போல் தாமதமாகப் பேசும்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். இரண்டு வயது, மூன்று வயது கடந்தபின் உண்மை தெரியும்போது, மொழியைக் கற்கும் பொற்காலத்தில் பெரும்பகுதி கழிந்துபோயிருக்கும். முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாவது மாதத்துக்குள் நிச்சயம், ஆறாவது மாதத்துக்குள் சிகிச்சை என்பது இக்கால வைத்தியர்கள் வகுத்திருக்கும் கெடு. செவியினுள் பொருத்தும் கருவியை ஏழைக் குழந்தைகளுக்கு ஆறு வயதுக்குள் தமிழ்நாட்டுச் சர்க்காரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகவே பொருத்துகிறார்கள். ஆனால் இயற்கை வைத்திருக்கும் காலக்கெடுவை நீட்டிக் கொடுக்க எந்தச் சர்க்காராலும் முடியாது.

தைராயிட் சுரப்பி சரிவர வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தையின் கதையும் இதுவே. பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் இரண்டு வாரங்களுக்குள் தினம் ஒரு சிறு மாத்திரை கொடுக்கத் தொடங்கினால் அக்குழந்தை மற்றவர்களைப்போலப் படித்துப் பட்டம் பெறும். மாதங்கள் பல கழித்துத் தொடங்கினால் உடல் தேறினாலும் புத்தி தேறுவது அரிது. குறைமாதத்தில் பிறந்த சிசுவின் விழித்திரையை முப்பது நாட்களுக்குள் பரிசோதித்தால் கண்ணைக் காப்பாற்றலாம். தவறினால் ஆயுள் முழுவதும் இருட்டு. உள்ளே திரும்பிய பாதத்தை முதல் வாரங்களிலேயே மாவுக்கட்டுப் போட்டுப் படிப்படியாக நேராக்கலாம். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. கவனியாமல் விட்டால் அந்தக் கண் பார்க்கவே மறந்துவிடுகிறது என்பதை அவர்கள் அறியார். இத்தனை குழந்தைகளும் பார்வைக்குச் சுகமாயிருக்கும் குழந்தைகளே! மேலே கேட்ட கேள்விக்கு இதுவே முதற்பதில்.

நாம் எங்கிருந்து வந்தோம்?

நோயற்ற குழந்தையை வைத்தியர் பார்க்கும் வழக்கம் உலகில் மிகப் பழமையானதன்று. பாரிஸ் நகரில் பியேர் புதேன் என்ற பிரசவ வைத்தியர் 1892-ல், ஆஸ்பத்திரியில் பெற்றுப் போன தாய்மார்கள் தம் சிசுக்களைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துக் காட்டிப் பால் கொடுப்பதைப் பற்றி யோசனை கேட்டுப் போகும்படி ஏற்பாடு செய்தார். தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு நடந்த யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது, வந்தவர்களில் ஏராளமானோர் உடல் தகுதியில்லாதவர்களாக இருந்ததைக் கண்டு பிரிட்டிஷார் திடுக்கிட்டனர். 1904-ல் ஒரு கமிட்டி அறிக்கை தந்தது; 1907-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை சட்டமாயிற்று. துப்பாக்கி தூக்க ஆள் வேண்டுமென்ற கவலையில் பிறந்த சட்டமானாலும், அதனால் நன்மையடைந்தவை குழந்தைகளே.

தங்கள் நாட்டில் இதைச் செய்தவர்கள் நம் நாட்டில் என்ன செய்தார்கள்? பரோடா சமஸ்தானம் 1909-லேயே பள்ளிப் பிள்ளைகளின் பரிசோதனையைத் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் நிலைமையையோ, 1946-ல் வெளிவந்த போர் கமிட்டியின் அறிக்கை கூறுகிறது. சென்னை டாக்டர் ஆ. லக்ஷ்மணசுவாமி முதலியார் அங்கத்தினராயிருந்த கமிட்டி அது. 1937-ல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 ஒரு வயது நிரம்புமுன் மாண்டன என்றும், அதே காலத்தில் இங்கிலாந்தில் 58-ம் நியூஜிலாந்தில் 31-மே மாண்டன என்றும் அது கணக்குக் காட்டியது. ஓர் ஆட்சியின் மீது கொண்டுவரக்கூடிய குற்றப்பத்திரிகைகளில் இதைவிடக் கடுமையானது வேறில்லை.

2020-ம் வருஷத்துக் கணக்கின்படி இந்தியாவில் அந்த எண் 28, தமிழ்நாட்டில் 13. இது தானாக வந்த மாறுதலன்று. 1975 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டமும் அதன் அங்கன்வாடிகளும், 1985-ல் நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், வெயிலில் நடந்து வீடு வீடாகச் சென்ற கிராம சுகாதாரச் செவிலியர்களும் கொண்டுவந்த மாறுதல் இது. பெயர் தெரியாத அந்தப் பெண்மணிகளுக்கு நாடு பட்டிருக்கும் கடன் பெரிது. இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌரா ஜில்லாவில் காணப்பட்ட ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச்சு 27-ந் தேதி நம் பிரதேசம் அந்நோயினின்று விடுபட்டதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி அளித்தது.

சாகாமலிருப்பது போதுமா?

ஆயினும், சாகாமலிருப்பது வேறு. செழித்து வளர்வது வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு குழந்தைகளில் 25 வயதுக்கேற்ற உயரமில்லாதவை. 22 வயதுக்கேற்ற எடையில்லாதவை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. முந்திய கணக்கெடுப்பில் இது ஏறக்குறைய 51-ஆக இருந்தது, குறையவேண்டியது கூடியிருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு குறை இருந்தால் அது குறையாகவே கண்ணுக்குத் தெரியாது. அதுவே இயற்கை என்று தோன்றிவிடும். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியடையும் தாயை நாம் எப்படிக் குறை கூறுவது? அண்டை வீட்டுப் பிள்ளையும் சோகையுள்ளதே!

"நம் ஜனங்கள் இயல்பாகவே குள்ளம், வெள்ளைக்காரன் கணக்கு நமக்கெதற்கு?" என்று வாதிப்பவர்கள் உண்டு. அந்த வாதத்துக்கும் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. 1997 முதல் 2003 வரை உலகச் சுகாதார ஸ்தாபனம் ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளின் வளர்ச்சியை அளந்தது. நார்வே, அமெரிக்கா, பிரேஸில், கானா, ஓமன் ஆகியவற்றோடு நம் டில்லி மாநகரமும் அவற்றில் ஒன்று. தாய்ப்பால், நல்ல உணவு, சுத்தமான வீடு, வைத்திய வசதி ஆகியவை கிடைத்த டில்லிக் குழந்தை, ஆஸ்லோவிலுள்ள குழந்தைக்கு ஏறக்குறைய நிகராகவே உயர்ந்து வளர்ந்தது. 2006-ல் வெளியான அந்த அளவையே நமது அங்கன்வாடிகளும் பின்பற்றுகின்றன. ஆகவே நம் குழந்தைகளின் குட்டை உருவத்தை இரத்தத்தின் மீதும் ஜாதியின் மீதும் போட்டுத் தப்பித்துக்கொள்ள இனி வழியில்லை. குற்றம் வித்தில் இல்லை, வயலில் இருக்கிறது.

ஒரு தராசும் ஓர் அட்டையும்

இந்தக் குறையை ஆரம்பத்திலேயே காட்டிக் கொடுக்கும் கருவி ஒன்று உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டாம். மேல்நாட்டுப் பட்டமும் வேண்டாம். தராசும் வளர்ச்சி அட்டையுமே அக்கருவி. டேவிட் மார்லி என்ற ஆங்கில வைத்தியர் 1950-களில் நைஜீரியாவின் ஒரு கிராமத்தில் வேலை செய்தபோது, குழந்தையின் எடையை மாதந்தோறும் ஒரு கோட்டுப் படத்தில் புள்ளியிட்டுத் தாயின் கையிலேயே கொடுத்துவிடும் முறையை வளர்த்தார். புள்ளிகளைச் சேர்த்த கோடு மேலே ஏறினால் க்ஷேமம், படுத்துவிட்டால் எச்சரிக்கை, இறங்கினால் அபாயம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைப் புரிந்துகொள்வாள்.

சாதாரணமாகப் பிறந்த குழந்தை ஐந்தாம் மாதத்தில் பிறந்த எடையில் இருமடங்கும் ஒரு வயதில் மும்மடங்கும் ஆகவேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், அதன்பின் போதாது. பெரும்பாலான குழந்தைகளின் கோடு படுக்கத் தொடங்குவது இங்கேதான். குழைத்த சோறு, பருப்பு, நெய், கீரை, முட்டை இவற்றை வேளாவேளைக்கு ஊட்ட வேண்டிய பருவத்தில், கரைத்த கஞ்சியும் கடையில் வாங்கிய ரொட்டியுமாகக் காலம் கழிகிறது. குழந்தை மெலிவது கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே தராசு சொல்லிவிடும். தராசு சொல்வதைக் கேட்பதற்குத்தான் சுகமாயிருக்கும்போது போகவேண்டும் என்கிறோம்.

போகவேண்டிய காலங்களும் நினைவில் வைக்கக் கடினமானவையல்ல. பிறந்தவுடன், பின் ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில், ஒன்பதாவது மாதத்தில், பதினாறு முதல் இருபத்துநான்கு மாதங்களுக்குள், பிறகு ஐந்து வயதிலும் பத்து வயதிலும் பதினாறு வயதிலும். இவை தடுப்பூசிக்கென விதித்த நாட்கள். ஊசி போடுவதோடு அந்த நாளின் வேலை முடிந்துவிடக் கூடாது. எடை, உயரம், தலைச் சுற்றளவு ஆகியவற்றை அளக்கவேண்டும். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறதா, நான்கு மாதத்தில் தலை நிற்கிறதா, எட்டு ஒன்பது மாதத்தில் தானே உட்காருகிறதா, ஒன்றரை வயதில் நடக்கிறதா, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா என்று கேட்டறிய வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் ஒரே நாளில் இவற்றைச் செய்துவிடாது. ஆனால் கெடு தாண்டினால் வைத்தியர் ஆராய வேண்டும். தாய் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை காதுகொடுத்துக் கேட்பதும் பரிசோதனையில் ஒரு பகுதியே.

பாட்டியின் வாதம்

"என் பாட்டி பத்துப் பெற்றாள்; ஒரு டாக்டரையும் பார்த்ததில்லை; நாங்கள் நன்றாய்த்தானே இருக்கிறோம்?" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். நீதிஸ்தலங்களில் பழகியவர்கள் இந்தச் சாட்சியத்தின் குறையை உடனே கண்டுகொள்வார்கள். பிழைத்தவர்கள் மட்டுமே கூண்டேறிச் சாட்சி சொல்கிறார்கள்; மாண்டவர்கள் சொல்வதில்லை. அந்தப் பத்தில் எத்தனை மிஞ்சின என்று பாட்டியையே கேட்டால், அவள் கண் கலங்கிச் சொல்லும் பதில் வேறாயிருக்கும்.

பாட்டிமாரின் அறிவை நாம் இழித்துரைக்கவில்லை. தாய்ப்பாலின் பெருமையையும் எண்ணெய் தேய்த்துத் தடவி வளர்ப்பதன் இதத்தையும் அவர்களிடமிருந்தே கற்றோம். ஆனால் பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைப்பதும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட்டு ஊதுவதும், தொக்கம் எடுப்பதாகச் சொல்லித் தொண்டைக்குள் கைவிடுவதும் ஆபத்தானவை. நல்லதை வைத்துக்கொண்டு தீயதைக் கழிப்பதே பெரியோரிடம் காட்டும் மரியாதையாகும்.

பாட்டியின் வாதத்தையாவது அன்பில் பிறந்ததென்று மன்னிக்கலாம். 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கு எதிரான ஊசி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போடப்பட்டபோது, கைபேசி வழியே வீடு வீடாகப் பரவிய பொய் வதந்திகளை எப்படி மன்னிப்பது? ஆதாரமில்லாமல் ஒருவர்மீது அவதூறு சொன்னால் சட்டம் தண்டிக்கிறது. குழந்தைகளின் உயிர் காக்கும் மருந்தின்மீது அவதூறு பரப்புவோரைச் சமூகமாவது கண்டிக்க வேண்டாமா?

வீட்டிலும் வீதியிலும்

வியாதியினின்று காத்த குழந்தையை விபத்துக்குக் கொடுத்துவிட்டால் பயன் யாது? தரையில் இறக்கி வைத்த கொதிக்கும் ரசம், குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், மூடாத தண்ணீர்த் தொட்டி, விளையாட்டுப் பொம்மையிலிருந்து உதிரும் பொத்தான் போன்ற மின்கலம் ஆகிய இவை ஒவ்வொரு வீட்டிலும் உள்ள யமதூதர்கள். குழந்தை தவழத் தொடங்குமுன் இவற்றைப் பற்றித் தாய்க்கு எச்சரிப்பதும் பரிசோதிக்கும் வைத்தியரின் கடமை. மோட்டார் சைக்கிளில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்வோர் அதற்குத் தலைக்கவசமும் பிணைப்புப் பட்டியும் அணிவிக்க வேண்டும், நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய சர்க்கார் 2022-ல் விதி செய்தார்கள். அந்த விதி நம் தெருக்களில் எங்கே தென்படுகிறது?

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010-லேயே கட்டளையிட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அத்தகைய குழியில் விழுந்து மாண்டது. நாடே கண்ணீர் விட்டது. கட்டளைக்கும் கண்ணீருக்கும் இடையே ஒன்பது வருஷங்கள். ஒரு மூடியின் விலையோ சில நூறு ரூபாய்.

மருந்தே நஞ்சாகும் கொடுமையும் உண்டு. டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் கலந்த மருந்தால் 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மறு வருஷமே அந்நாடு மருந்துச் சட்டத்தை இறுக்கியது. 1972-ல் நம் சென்னையிலேயே அதே நஞ்சு குழந்தைகளைக் கொன்றது. 2025-ல் காஞ்சீபுரம் ஜில்லாவில் தயாரான இருமல் மருந்தை அருந்திய மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகள் இருபதுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு இறந்தனர். தமிழ்நாட்டில் செய்த மருந்து என்பதை நினைக்க நாம் தலைகுனிகிறோம். சோதித்து அனுப்பவேண்டிய அதிகாரிகளின் பொறுப்பை இங்கே மீண்டும் வற்புறுத்துகிறோம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல் மருந்தே கூடாது என்று மத்திய சுகாதார இலாகா கூறியிருப்பதைப் பெற்றோரும் மருந்துக் கடைக்காரர்களும் மறவாதிருப்பார்களாக.

குறை எங்கே?

ஏட்டில் பார்த்தால் நமக்குத் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்படி வைத்தியக் குழு அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இருமுறையும் சர்க்கார் பள்ளிகளுக்கு ஒரு முறையும் சென்று, பிறவிக் குறை, வியாதி, சத்துக்குறை, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிய வேண்டும். ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி பெயரால் 1987 முதல் உதவித் தொகை வழங்கப்படுகிறது. அதன் பிற்பட்ட தவணைகள் குழந்தையின் தடுப்பூசியோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பரிசோதித்த குழந்தைகளின் தொகையை அறிக்கையில் எழுதுகிறவர்கள், குணமான குழந்தைகளின் தொகையை எழுதுகிறார்களா? கண் மங்கலென்று சீட்டு எழுதிக் கொடுத்தபின் அந்தப் பையனுக்கு மூக்குக்கண்ணாடி கிடைத்ததா என்று கேட்பவர் யார்? ஜில்லாத் தலைநகருக்குப் போய்வரத் தாய்க்கு ஒருநாள் கூலி போகிறதே, அதை ஈடு செய்பவர் யார்? மறுபுறம், தனியார் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்துப் போகும் மத்தியதர வகுப்பாரிலும், ஊசிக்கு மட்டும் போய்விட்டு, எடையைக் குறிக்காத அட்டையோடு திரும்புகிறவர் பலர்.

ஆகவே சில யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம். ஒவ்வொரு பஞ்சாயத்தும் நகரசபையும் தன் எல்லைக்குள் எத்தனை குழந்தைகளின் எடைக் கோடு படுத்திருக்கிறது, அவற்றில் எத்தனை நிமிர்ந்தது என்று மூன்று மாதத்துக்கொருமுறை பெயர் குறிப்பிடாமல் பொதுச் சபையில் படிக்கட்டும். பள்ளிக்கூடப் பரிசோதனையில் மேல்சிகிச்சைக்கு எழுதப்பட்ட பிள்ளைகளைச் சர்க்கார் வண்டியே அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவிடட்டும். தொழிற்சாலை முதலாளிகளும் கடைக்காரர்களும் பரிசோதனை நாளில் தாய்க்குச் சம்பளம் பிடிக்காமல் அரைநாள் விடுமுறை கொடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தகப்பன்மார் இதைப் பெண்கள் காரியம் என்று ஒதுக்காமல் கூடப் போகட்டும். வைத்தியர் சொன்னதைத் தாய் மட்டும் கேட்டுவந்தால் வீட்டில் அது விவாதமாகிறது. இருவரும் கேட்டுவந்தால் காரியமாகிறது.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக ஊறியது. மற்ற விஷயங்களில் அதனால் பணம் போகும், காலம் போகும். குழந்தைகள் விஷயத்தில் போவது திரும்பி வாராது. இதைப் படித்து முடித்த நேயர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள குழந்தையின் அட்டையைத் தேடி எடுத்துப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அதில் கடைசிப் புள்ளி எந்த மாதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது? இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தால், குழந்தை எவ்வளவு சுகமாயிருந்தபோதிலும், நாளைக் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்கோ சுகாதார நிலையத்துக்கோ புறப்படுங்கள்.